‘அப்’ என்னும் ஈரெழுத்துச் சொல்: கேள்வி பதில்

கேள்வி: ‘அப்’ என்றால் ‘மேலே’ என்றுதான் படித்தோம். ‘கிவ் அப்’ என்பதில் மேலே போவது எது?

பதில்: எதுவும் போகவில்லை. ஒப்படைத்தல், சரணடைதல் என்ற பழைய பொருளிலிருந்துதான் முயற்சியைக் கைவிடுதல் என்ற பொருள் கிளைத்தது. ‘கைவிடு’ என்று சொல்லும்போது நாம் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டா பேசுகிறோம்?

கேள்வி: இதன் எல்லாப் பொருள்களையும் பட்டியலிட்டுத் தர இயலுமா?

பதில்: அந்த வேலைக்கு அகராதி இருக்கிறது. இச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். வினையோடு சேர்த்தே படியுங்கள். ‘மேக் அப்’ ஒன்றே கட்டுக்கதை புனைவதையும், பிணக்குத் தீர்ந்து சமாதானமாவதையும், முகத்துக்கு ஒப்பனை செய்வதையும், விட்டுப்போனதை ஈடுகட்டுவதையும் குறிக்கும்.

கேள்வி: ‘டிரிங்க்’ என்றாலே குடிப்பதுதான். ‘டிரிங்க் அப்’ என்பதில் உள்ள ‘அப்’ வெறும் அசைச்சொல்தானே?

பதில்: இல்லை. ‘ஈட்’ என்னும் வினையை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒருவன் ஒரு பழத்தைப் பத்து நிமிடமாகச் சாப்பிட்டான் என்பதை வெறும் ‘ஈட்’ கொண்டு ஆங்கிலத்தில் சொல்லலாம். ‘ஈட் அப்’ கொண்டு சொன்னால் வாக்கியம் முறிந்துவிடும். பத்து நிமிடத்தில் என்று மாற்றினால் ‘ஈட் அப்’ இயல்பாகப் பொருந்தும். தமிழிலும் ‘பத்து நிமிடமாகச் சாப்பிட்டான்’ என்கிறோம். ‘பத்து நிமிடமாகச் சாப்பிட்டுவிட்டான்’ என்றால் காது மறுக்கிறது. ‘பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டான்’ என்றால் ஏற்றுக்கொள்கிறது. நம்முடைய ‘விடு’ என்னும் துணைவினை செய்யும் வேலையை, அதாவது செயல் மிச்சமின்றி முடிந்தது என்று முத்திரை வைப்பதை, அங்கே ‘அப்’ செய்கிறது. ஜெர்மன் மொழியும் இதே பொருளுக்கு ‘அவுஃப்’ என்ற முன்னொட்டைச் சேர்த்து ‘அவுஃப்எஸ்ஸன்’ என்கிறது.

கேள்வி: ‘லுக் அப் இட்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அடித்தது சரிதான். இத்தகைய கூட்டுவினையில் சுட்டுப்பெயர் நடுவில்தான் வரவேண்டும்: ‘லுக் இட் அப்’. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரலாம். இதே சோதனை வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். கடன் ஏறுவதைச் சொல்லும் ‘ரன் அப் எ பில்’ என்பதை ‘ரன் எ பில் அப்’ என்று மாற்றலாம்; குன்றில் ஓடி ஏறுவதைச் சொல்லும் ‘ரன் அப் எ ஹில்’ அப்படி மாறாது. முன்னதில் ‘அப்’ வினையின் உறுப்பு, பின்னதில் குன்றோடு சேர்ந்த முன்னிடைச்சொல்.

கேள்வி: ‘கோப் அப் வித்’ என்பதன் பொருள் என்ன?

பதில்: அப்படி ஒரு தொடர் இல்லை. ‘கோப் வித்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘விடு’ ஒப்பீட்டை ஏற்க இயலவில்லை. ‘விழுந்துவிட்டான்’ என்கிறோம், ஆங்கிலத்தில் ‘ஃபால் அப்’ உண்டா?

பதில்: நல்ல எதிர்வாதம். ‘விடு’ முடிவை மட்டுமன்றி, எதிர்பாராமையையும் வருத்தத்தையும் சுமக்கும். ‘அப்’ அவற்றைச் சுமப்பதில்லை. மேலும் ‘விழு’ தன்னிலேயே முடிவுள்ள வினை என்பதால் அதற்கு முத்திரை தேவைப்படாது. ‘தீர்த்துவிடு’ என்பது இன்னும் நெருங்கிய இணை என்று திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ‘பர்ன் அப்’, ‘பர்ன் டவுன்’ இரண்டும் எரிந்து தீர்வதையே சொல்கின்றனவே. முடிவைக் குறிப்பது ‘அப்’ மட்டும்தான் என்பது எப்படி நிற்கும்?

பதில்: ‘மட்டும்’ என்று நான் சொல்லவில்லை. காகிதம் எரிந்து இல்லாமற்போகிறது, ஆகவே ‘அப்’; வீடு எரிந்து தரைமட்டமாகிறது, ஆகவே ‘டவுன்’. ‘டவுன்’ தன் திசையை இன்னும் விடவில்லை, ‘அப்’ ஏறக்குறைய விட்டுவிட்டது. ஆனால் வேகம் குறைவதற்கு ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டும் வழங்குகின்றன; அங்கே என் விளக்கம் உங்களுக்கு உதவாது.

கேள்வி: ‘கோப் அப் வித்’ பல அலுவலகக் கடிதங்களில் வருகிறதே?

பதில்: வருகிறது. தவறாக வருகிறது. மேலே பதில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: மேல் எகிப்து ஏன் வரைபடத்தில் கீழே இருக்கிறது?

பதில்: நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதால், ஆற்றின் மேற்பகுதி தெற்கில் இருக்கிறது. வரைபடத்துக்கு வடக்கு மேல், ஆற்றுக்கு ஊற்று மேல். பிரித்தானிய ரயில்வேயில் லண்டனை நோக்கிச் செல்லும் தடம், சரிவில் இறங்கினாலும் ‘அப்’ தான். நாமும் மேல் என்னும் சொல்லிலிருந்து மேற்கையும், கீழ் என்னும் சொல்லிலிருந்து கிழக்கையும் ஆக்கி வைத்திருக்கிறோம். சூரியன் எழும் திசைக்குக் கீழ் என்று பெயர் வந்தது, நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருப்பதால் என்பர்.

கேள்வி: இச்சொல்லுக்கு நம் பக்கம் உறவு உண்டா?

பதில்: சமஸ்கிருத ‘உப’ இதன் உறவு. லத்தீனின் ‘சப்’, கிரேக்கத்தின் ‘ஹைப்போ’ ஆகியவையும் அதே வேரிலிருந்து வந்தவை. இவ்விரண்டும் ‘கீழ்’ என்று பொருள்படும். கீழிருந்து மேல்நோக்கி என்பது மூலப்பொருள்; ஒரு கிளை தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டது, மற்றொன்று முடிவைப் பிடித்துக்கொண்டது. அந்த வகையில் ‘உபநதி’யில் இருப்பதும் ‘அப்’பின் உடன்பிறப்புதான்.

கேள்வி: ‘ஷோ அப்’, ‘டர்ன் அப்’ என்று ஒருவர் வந்து சேர்வதைச் சொல்கிறார்களே, அங்கே எது முடிந்தது?

பதில்: எதுவும் முடியவில்லை, இங்கே என் ‘விடு’ தோற்கிறது. மறைவிலிருந்து பார்வைக்கு வருவது இங்கே மேலே வருவதாகிறது, நீருக்குள் மூழ்கியவர் தலை தெரிய எழுவதைப்போல. பேச்சில் ஒரு விஷயம் எழுவதற்குக் ‘கம் அப்’ என்கிறார்கள். நாமும் ‘கேள்வி எழுந்தது’ என்றுதான் எழுதுகிறோம்.