மட்டற்றதும் மட்டு மீறியதும்: கேள்வி பதில்

அளவு, மட்டு, மிதம், வரம்பு என்ற சொற்களைப் பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பதில்கள் கீழே.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையில் 'மட்டற்ற மகிழ்ச்சி' என்று போடுகிறோம். 'மட்டு மீறிய பேச்சு' என்று ஏசவும் செய்கிறோம். ஒரே மட்டு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

மட்டு என்றால் அளவு, எல்லை. அதற்குப் பின்னால் வரும் சொல்லைக் கவனியுங்கள். 'அற்ற', 'இல்லா' என்று வந்தால் அங்கே எல்லையே கிடையாது. மகிழ்ச்சிக்கு யாரும் வேலி போடவில்லை, ஆகவே குறை சொல்ல இடமில்லை. 'மீறிய', 'மிஞ்சிய' என்று வந்தால் எல்லை ஒன்று இருக்கிறது, அது தாண்டப்பட்டிருக்கிறது. மேலப்பாளையத்தில் இறைவனை 'அளவற்ற அருளாளன்' என்று போற்றுவார்கள். அந்த இடத்தில் 'அளவு மீறிய' என்று வைத்துப் பாருங்கள், பொருளே கெட்டுவிடும். எல்லையில்லா அன்பு வேறு, எல்லை மீறிய நடத்தை வேறு.

சங்கரன்கோவில் வாசகி: அப்படியானால் "மட்டு மருவாதி இல்லாம பேசுதான்" என்கிறோமே? 'இல்லாமல்' வந்தும் அது ஏச்சுத்தானே?

சரியாகப் பிடித்தீர்கள், தங்கச்சி. மகிழ்ச்சிக்கு மட்டு தேவையில்லை, பேச்சுக்குத் தேவை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் அது குறைதான். டீக்கடையில் அப்பா வயதுக்காரரைப் பார்த்து ஒரு பையன் "என்னவே" என்றால் பக்கத்தில் இருப்பவர் வாயில் முதலில் வருவது இந்தத் தொடர்தான். யாரிடம் எவ்வளவு பேசலாம் என்ற அளவறிவைத்தான் அங்கே மட்டு என்கிறோம்.

திருச்செந்தூர் வாசகர்: 2023 டிசம்பர் மழையை 'மட்டு மீறிய மழை' என்று எழுதலாமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே.

எழுதினால் தவறில்லை, ஆனால் நான் எழுத மாட்டேன். அந்தத் தொடரில் ஒரு கண்டனம் இருக்கிறது. மழையை யார் கண்டிப்பது? 'அளவு கடந்த மழை', 'பேய்மழை' போதும். ஆற்றுக்குக் கரை உண்டு. அதனால் 'தாமிரபரணி கரை மீறியது' என்று தாராளமாகச் சொல்லலாம்.

அம்பாசமுத்திரம் வாசகர்: 'மிதமிஞ்சிய', 'அமிதமான' இரண்டும் ஒன்றா?

மிதம் வடசொல், அளக்கப்பட்டது என்று பொருள். அமிதம் அளக்க முடியாதது. அமிதாப புத்தர் என்றால் அளவில்லாத ஒளியுடையவர். ஆகவே அமிதத்தில் பழிப்பு கட்டாயமில்லை. மிதமிஞ்சிய குடி, மிதமிஞ்சிய செலவு என்றால் பழிப்புத்தான்.

தென்காசி ஆசிரியை: ஔவையாரின் 'மீதூண் விரும்பேல்' என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் 'மீதிச் சாப்பாடு வேண்டாம்' என்று எழுதுகிறார்கள்.

பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள், காதுக்கு அப்படித்தான் கேட்கும். மீது + ஊண், அதாவது மிகுதியாக உண்பது. பழைய சோற்றுக்கு ஔவை தடை போடவில்லை என்று சொல்லுங்கள், மனதில் நிற்கும். மிகுதியாகத் தின்பதற்குப் பெருந்தீனி என்றும், குடிப்பவருக்கு மொடாக்குடியர் என்றும் தனிச்சொற்கள் உண்டு. மொடா, மிடா என்பது பெரிய பானை.

கோவில்பட்டி வாசகர்: எங்கள் பக்கம் "மானாவாரியா செலவழிக்கான்" என்பார்கள். அதுவும் மட்டு மீறியதுதானா?

கிட்டத்தட்ட. மானாவாரி நிலத்துக்கு மடை திறந்து அளந்து விடும் தண்ணீர் கிடையாது, வானம் பெய்ததுதான் கணக்கு. அந்தக் கணக்கின்மைதான் பேச்சில் இப்படி வந்திருக்கும் என்பது என் எண்ணம். மட்டு மீறுகிறவருக்குக் கோடு எங்கே என்று தெரிந்திருக்கலாம். மானாவாரியாகச் செலவழிக்கிறவர் கோட்டைப் பார்ப்பதே இல்லை. கரிசல்காட்டுச் சொல் இது, கதை எழுதும்போது தயங்காமல் பயன்படுத்துங்கள்.