‘ட்ராபிக் தண்டர்’: கேள்வி பதில்

2008 ஆகஸ்டில் வெளிவந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படமான ‘ட்ராபிக் தண்டர்’ பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வரும்; இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நான் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. கதையை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நேர்மையான கேள்வி. வியட்நாம் போர்ப் படம் ஒன்றை எடுக்க ஒரு குழு காட்டுக்குப் போகிறது. படப்பிடிப்பு தொடங்கி ஐந்தே நாள். அதற்குள் ஒரு மாதம் பின்தங்கிவிட்டார்கள். நடிகர்களின் அலட்டலை அடக்க முடியாத இயக்குநர், அவர்களைத் தனியாகக் காட்டில் இறக்கிவிட்டு ஒளித்துவைத்த கேமராக்களால் படம்பிடிக்கத் திட்டமிடுகிறார். வீராவேசமாகப் பேசிக்கொண்டே பழைய கண்ணிவெடி ஒன்றை மிதித்து, பேச்சு முடியும் முன்பே சிதறிப்போகிறார். அதைத் தந்திரக் காட்சி என்றே நினைக்கிறார் கதாநாயக நடிகர். காட்டில் இருப்பதோ ஹெராயின் காய்ச்சும் ஆயுதக் கும்பல். அவர்களும் இவர்களை நிஜ ராணுவம் என்று எண்ணிச் சுடுகிறார்கள். மீதி நேரம் முழுக்க, எது நடிப்பு, எது நிஜம் என்று தெரியாத மனிதர்களின் ஓட்டம்தான்.

தொடக்கத்தில் வேறு படங்களின் முன்னோட்டம் ஓடியது. தவறான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று மூடிவிட்டேன்!

திறந்து பாருங்கள், அதுவும் படம்தான். முதலில் ஒரு பான விளம்பரம், பிறகு மூன்று பொய் முன்னோட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் யுனிவர்சல், நியூ லைன், ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனங்களின் உண்மையான சின்னங்களையே போட்டிருப்பார்கள். அரங்கில் பார்த்தவர்களில் பலரும் உங்களைப் போலவே ஏமாந்திருப்பார்கள்.

கதாபாத்திர அறிமுகத்தை இவ்வளவு சிக்கனமாகச் செய்த படங்கள் குறைவு. பென் ஸ்டில்லரின் டக் ஸ்பீட்மேன், உலகத்தைக் காப்பாற்றும் படத்தின் ஆறாம் பாகம் வரை இழுத்துவிட்ட அதிரடி நாயகன். ஜாக் பிளாக்கின் ஜெஃப் போர்ட்னாய், ஒரு குண்டுக் குடும்பத்தின் எல்லா உறுப்பினராகவும் தானே நடித்து அபானவாயுவால் சிரிக்கவைப்பவர். ராபர்ட் டௌனி ஜூனியரின் கிர்க் லாசரஸ், ஐந்து ஆஸ்கர் வாங்கிய ஆஸ்திரேலியர். விருதுக்கென்றே செய்ததுபோன்ற படத்தில் துறவி வேடம். பானத்தை விற்பவர் பிராண்டன் டி. ஜாக்சனின் ராப் பாடகர். சில நிமிடங்களில் நால்வருடைய சந்தை மதிப்பும் பலவீனமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

என் மாமா ராணுவத்தில் இருந்தவர். போரில் செத்தவர்களைக் கேலி செய்யும் படம் என்று எரிச்சலோடு எழுந்து போய்விட்டார்.

அவரை மீண்டும் உட்காரவையுங்கள். அடி விழுவது சிப்பாய்கள்மேல் அல்ல, சிப்பாய் வேடம் போட்டவர்கள்மேல். படத்தை இயக்கியவரும் ஸ்டில்லர்தான்; அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது 1987இல் வந்த ‘எம்பயர் ஆஃப் தி சன்’ படத்தில் சிறு வேடத்தில் நடித்த காலத்தில். அப்போது வியட்நாம் படங்களில் நடித்துக்கொண்டிருந்த சிலர், சில நாள் ராணுவப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்துவிட்டு, போருக்கே போய் மீண்டவர்களைப்போலப் பேசினார்களாம். அந்தப் பாவனைதான் குறி.

இன்னொரு குறி, படம் எடுப்பதையே போராக நினைக்கும் மனநிலை. வியட்நாம் போர்ப் படமான ‘அபோகலிப்ஸ் நவ்’ பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டபோது புயலில் செட்டுகள் அழிந்தன. நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு வந்தது. வாடகைக்கு வாங்கிய ஹெலிகாப்டர்களை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டையிட ராணுவம் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தப் பாடுகளைச் சொல்லும் ‘ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ என்ற ஆவணப்படம் 1991இல் வந்தது. ‘ட்ராபிக் தண்டர்’ குழு அதையும் விடவில்லை, ‘ரெயின் ஆஃப் மேட்னஸ்’ என்று ஒரு போலி ஆவணப்படம் எடுத்துக் கேலி செய்தது.

உங்கள் மாமாவுக்குக் கட்டாயம் பிடிக்கப்போகிறவர் நிக் நோல்ட்டி. எந்தப் போர் நினைவுக் குறிப்பை வைத்துப் படம் எடுக்கிறார்களோ, அதை எழுதியவராக வருகிறார் அவர். இரண்டு கைக்கும் பதில் கொக்கி. பிறகுதான் தெரிகிறது: ஆள் கடலோரக் காவல்படையில் இருந்தவர், நாட்டை விட்டு வெளியே பணியாற்றியதே இல்லை. கைகளும் பத்திரமாக இருக்கின்றன.

வெள்ளைக்காரர் கறுப்புச் சாயம் பூசி நடித்திருக்கிறார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையா? எப்படி விட்டார்கள்? (இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்)

அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கோமாளிகளாக்கிய மேடை மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அந்த வரலாற்றின் வலியைப் படம் எடுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். வேடம் போடுவது டௌனி அல்ல, லாசரஸ். கறுப்பினச் சார்ஜென்ட் வேடத்துக்காகத் தோலின் நிறத்தையே அறுவைச் சிகிச்சையால் மாற்றிக்கொள்கிறான். கேமரா நின்ற பிறகும் வேடத்தைக் கழற்றுவதில்லை. ‘பாத்திரமாகவே வாழ்ந்தார்’ என்று நாம் மெச்சுகிற நோயை அதன் எல்லைவரை கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

ஆனால் இந்த விளக்கம் மட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியது ராப் பாடகராக வரும் ஜாக்சன். குழுவில் உண்மையான கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான், லாசரஸை ஒவ்வொரு திருப்பத்திலும் மடக்குகிறார். லாசரஸ் உருக்கமாகத் தன் ‘இனத்தின்’ போராட்டத்தைப் பற்றி முழங்க, அது ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாட்டு என்று இவர் போட்டு உடைக்கும் இடத்தைப் பாருங்கள். நமக்கு எழும் கோபத்தைப் பேச, படத்துக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் இந்தப் படத்தை என்னால் ஒரு நிமிடம்கூட ஆதரிக்க முடியாது.

துணை நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது உண்மை. விருது, மறைந்த ஹீத் லெட்ஜருக்கு ‘தி டார்க் நைட்’ படத்துக்காகப் போனது. டிவிடி விளக்க உரை (படம் ஓட ஓட அதை எடுத்தவர்கள் பேசுவது) முடியும்வரை வேடத்தைக் கலைக்கமாட்டேன் என்று படத்தில் லாசரஸ் ஒரு வசனம் சொல்வான். டிவிடியின் உண்மையான விளக்க உரையில் டௌனி அதே சார்ஜென்ட் குரலில் பேசத் தொடங்குகிறார்!

அப்படியானால் ‘சிம்பிள் ஜாக்’ பகுதிக்கும் இதே நியாயம் பொருந்துமே?

பொருந்தாது என்பதே என் கட்சி. ஸ்பீட்மேன் விருது ஆசையில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள இளைஞனாக முன்பு நடித்து மண்ணைக் கவ்விய படம்தான் ‘சிம்பிள் ஜாக்’. இத்தகைய வேடங்களில் யாருக்கு ஆஸ்கர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று லாசரஸ் ஒரு பாடமே எடுக்கிறான்: ‘ரெயின் மேன்’ டஸ்டின் ஹாஃப்மன், ‘ஃபாரஸ்ட் கம்ப்’ டாம் ஹாங்க்ஸ் வென்றார்கள், ‘ஐ ஆம் சாம்’ ஷான் பென் வெறுங்கையோடு திரும்பினார். விருது அரசியலை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரியாது.

ஆனாலும் அந்தக் காட்சியில் ஓர் இழிசொல் திரும்பத் திரும்ப வருகிறது. தடுத்துக் கேட்க அந்தத் தரப்பில் ஒருவரும் படத்தில் இல்லை. ஜாக்சன் செய்த வேலையைச் செய்ய இங்கே ஆள் வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் லாஸ் ஏஞ்சலஸ் சிறப்புக் காட்சியின்போது எதிர்ப்புத் தெரிவித்தன. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பின் தலைவர் டிமொத்தி ஷ்ரைவர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். ‘நாங்கள் கேலி செய்வது நடிகர்களை’ என்ற பதில் பாதி உண்மைதான். ஆசியக் கும்பலின் சித்தரிப்பிலும் இதே குறை உண்டு. அதன் சிறுவன் தலைவனைத் தவிர மற்றவர்களுக்கு முகமே இல்லை.

அந்த வழுக்கைத் தலைத் தயாரிப்பாளர் டாம் குரூஸ் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

லெஸ் கிராஸ்மன்! கதையில் ஸ்டுடியோ முதலாளி ஒருவர் வேண்டும் என்பதே குரூஸ் சொன்ன யோசனைதான். பருத்த கைகள் வேண்டும், நடனம் ஆட வேண்டும் என்ற இரண்டும் அவருடையவை. காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே, அங்கிருக்கும் தொழிலாளி ஒருவரை ஏவி இயக்குநர் முகத்தில் குத்தவைக்கிறார். தன் நாயக நடிகன் கடத்தப்பட்டான் என்றதும் மீட்புப் பணத்தைவிடக் காப்பீட்டுத் தொகை லாபம் என்று கணக்குப் போடுகிறார். பணத்தின் நடை இது, வில்லத்தனம்கூட அல்ல.

ஒரு பின்கதை: 2006இல் குரூஸின் தயாரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைத் தொடராமல் வெளியே அனுப்பிய ஸ்டுடியோ பாரமவுண்ட். இந்தப் படத்தை வெளியிட்டதும் அதே பாரமவுண்ட்தான்.

ஸ்பீட்மேனின் முகவராக வருபவர் மேத்யூ மெக்கானஹேதானே?

ஆமாம். முதலில் ஓவன் வில்சன் நடிப்பதாக இருந்தது. ஒப்பந்தப்படி வரவேண்டிய, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் கருவி தன் நடிகனுக்கு வரவில்லை என்பதற்காகக் கண்டம்விட்டுக் கண்டம் வருகிறாரே, படத்தின் ஒரே நல்லவர் அவர்தான்.

ஒளிப்பதிவு படிக்கும் மாணவி நான். நகைச்சுவைப் படம்போலவே தெரியவில்லையே, ஏன்?

ஒளிப்பதிவாளர் ஜான் டோல்தான் காரணம். ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி ஃபால்’, ‘பிரேவ்ஹார்ட்’ என்று அடுத்தடுத்து இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். ‘தி தின் ரெட் லைன்’ போர்ப் படத்தின் புல்வெளிகளும் அவர் கண்ணில் பட்டவையே. வழக்கமான நகைச்சுவைப் படத்தில் முகபாவம் தெரியவேண்டும் என்று எங்கும் ஒரே சீராக வெளிச்சம் பரப்புவார்கள். இங்கே ஹவாயின் காவாய் தீவுக் காட்டில், நிஜமான போர்க் காவியத்துக்குரிய நிழலும் புகையும் விரிகின்றன. சட்டகம் சிரிக்க மறுப்பதால்தான் அதற்குள் நிற்கும் முட்டாள்கள் இன்னும் முட்டாள்களாகத் தெரிகிறார்கள். தொடக்கச் சண்டையை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், புரியும்.

லாபமா நஷ்டமா?

செலவு சுமார் 9 கோடி டாலர். உலக வசூல் 19 கோடிக்கு மேல். அமெரிக்க வசூல் பட்டியலில் ‘தி டார்க் நைட்’டை முதலிடத்திலிருந்து இறக்கியதும் இதுவே.

இன்றைக்கு இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?

இதைக் கேட்காதவர் இல்லை. எனக்குச் சலித்துவிட்டது. அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது, அன்றைக்கே எடுத்தார்கள். ஸ்டில்லர் மன்னிப்புக் கேட்டுவிட்டதாக ஒருவர் எழுதியபோது, 2023இல் அவரே மறுத்து, படத்துக்காக மன்னிப்புக் கேட்பதில்லை என்றார். ஜாக்சன் செய்த வேலைக்குத் திரைக்கதையில் இடம் ஒதுக்குகிற எழுத்தாளர் இருந்தால் இன்றும் எடுக்கலாம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அரங்கில் ஓடிய 107 நிமிடப் பதிப்பே போதும். 121 நிமிட இயக்குநர் பதிப்பில் சில காட்சிகள் நீள்கின்றன, வேகம் தளர்கிறது. பிள்ளைகளோடு வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே குடல் வெளியே வரும். வசைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை.