ஹாலிஹாக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1942இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஊர்க் கடலில் கிடக்கும் கப்பல் என்பதால் சிறு வயதிலிருந்தே அந்தப் பெயர் பழக்கம். ஆனால் அதே நாளில் மூழ்கிய ஹாலிஹாக் என்ற காவல் கப்பலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஓர் எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக அவ்வளவு சிறிய கப்பலை ஏன் அனுப்பினார்கள்? தெரிந்தே பலி கொடுத்தது போலத்தானே இருக்கிறது?

வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரி போதாதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஹாலிஹாக் என்பது பூவின் பெயர். நம் செம்பருத்தியின் குடும்பம். போர்க்காலத்தில் பிரிட்டன் அவசரமாகக் கட்டிய கார்வெட் வகைக் காவல் கப்பல்களுக்கு இப்படிப் பூப்பெயர்களாக வைத்தார்கள். திமிங்கல வேட்டைக் கப்பலின் வரைபடத்தைக் கொஞ்சம் நீட்டி உருவாக்கியவை அவை. சிறிய தளங்களிலும் கட்டிவிடலாம். வேகம் 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சண்டர்லேண்டில் கட்டிய ஹாலிஹாக் 1940 ஆகஸ்டில் நீரில் இறங்கியது.

அந்தக் கப்பலின் கவனமெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். நீர்மூழ்கியை ஒலியால் தேடும் கருவி, பின்தளத்தில் ஆழவெடிகுண்டுகள், முன்தளத்தில் ஒற்றை 4 அங்குலப் பீரங்கி. அந்தப் பீரங்கியைக் கொஞ்சம் பாருங்கள். அதன் குழாய் 30 டிகிரிக்கு மேல் நிமிராது. மேலே எழும்பி வரும் நீர்மூழ்கியைச் சுட அது தாராளம். ஆனால் ஜப்பானின் ஐச்சி குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக விழுபவை. கப்பலிலேயே பெரிய ஆயுதம், அதன் பக்கத்தில் ஆட்கள், ஆனால் எதிரி வரும் திசைக்கு அது திரும்பாது. மிச்சம் இருந்தவை சில சிறு துப்பாக்கிகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

அதற்காகச் சிறிய கப்பல் என்பதுதான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அதே காலையில் ஹெர்மீஸுக்குக் காவலாக வந்த வாம்பயர் பெரியது, இருமடங்கு வேகமான நாசகாரிக் கப்பல். அதுவும் சில நிமிடங்களில் உடைந்து மூழ்கியது.

1942 ஏப்ரல் 9. கொழும்பில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு விழுந்து நான்கே நாள். ஜப்பானிய விமானந்தாங்கிகள் நெருங்குவது தெரிந்ததும் திருகோணமலையில் நின்ற கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் அடி நிச்சயம் என்ற கணக்கு. அது நியாயமான கணக்குதான். தவறு என்று நான் நினைப்பது, மேலே ஒரு விமானம்கூடக் காவலில்லாமல் அனுப்பியதை. ஹெர்மீஸ் தானே ஒரு விமானந்தாங்கி, அதன் விமானங்களோ கரையில். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ரத்மலானையிலிருந்து பிரிட்டனின் ஃபுல்மர் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மீஸ் இல்லை.

80க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்திருந்தன. ஹெர்மீஸை முடித்த பிறகு குண்டு மிச்சமிருந்தவை அக்கம்பக்கத்தில் வேறு கப்பல்களைத் தேடின. தெற்கே அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலும் ஹாலிஹாக்கும் அகப்பட்டன. இரண்டும் மூழ்கின. அதெல்ஸ்டேனில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காவலுக்குப் போன ஹாலிஹாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அன்று காலை கடல் பக்கம் கேட்ட சத்தத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருந்தால், நினைவில் இருக்கும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.