குளச்சலில் பூட்டிக் கிடந்த வீட்டில், தாத்தா பெட்டியில் 1821 என்று போட்ட எசெக்ஸ் கப்பல் விபத்துப் புத்தகம் கிடைத்தது. முதல் பதிப்பா? பைண்ட் செய்து விற்கலாமா?

விற்பதை அப்புறம் பேசலாம். பைண்டிங் கடைக்கு மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். குளச்சலில் பூட்டிக் கிடந்த வீடு என்கிறீர்கள், உப்புக்காற்றில் அட்டை பிய்ந்துதான் இருக்கும். பிய்ந்தபடியே இருக்கட்டும்.

என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். லிவர்பூலில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஜேம்ஸ் ரைலி எழுதிய புத்தகத்தை வாங்கி வந்தார். 1815இல் சகாரா கரையில் உடைந்த காமர்ஸ் கப்பலின் தலைவர் அவர். பிடிபட்டு, அடிமையாகப் பாலைவனத்தில் நடந்து, மீட்கப்பட்டு ஊர் திரும்பி எழுதியது. முதல் பதிப்பு நியூயார்க்கில் 1817இல் வந்தது. பிறகு ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் திரும்பத் திரும்ப அச்சிட்டுத் தள்ளினார்கள். அந்தப் பதிப்புகள் மலிவு, 1817 அப்படியல்ல.

அப்பா அடுத்த முறை கப்பலேறியபோது, அண்ணன் ஆசையாக வைத்திருந்த புத்தகம் கந்தலாகக் கிடக்கிறதே என்று சித்தப்பா அதை நாகர்கோவிலில் ஒரு பைண்டரிடம் கொடுத்தார். திரும்பி வந்தது சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டையில், ஆபீஸ் லெட்ஜர் மாதிரி. பழைய அட்டை, தலைப்புப் பக்கம், மடித்து ஒட்டியிருந்த வரைபடம் எல்லாம் "கிழிஞ்சு கிடந்தது" என்று குப்பைக்குப் போய்விட்டன. மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டிச் சதுரமாக்கியிருந்தார்கள். அதைவிட, முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் ஓரங்களில் பென்சிலில் நிறைய எழுதியிருந்தார். தாகத்தைப் பற்றி வரும் இடங்களில்தான் அதிகம். இப்போது ஒவ்வொரு வரியும் பாதியில் நிற்கிறது. அப்பா வந்து பார்த்தார். "மக்ளே, உள்ள எடுத்து வையி" என்றார், அவ்வளவுதான். பின்னால் வாங்க வந்த ஒருவர் தலைப்புப் பக்கம் இல்லை என்றதும் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

சரி, உங்களுடையது. எசெக்ஸ் என்பது நன்டக்கெட் தீவின் திமிங்கில வேட்டைக் கப்பல். 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் இரண்டு தடவை முட்டி அதை மூழ்கடித்தது. 20 பேர் மூன்று படகுகளில் இறங்கினார்கள், உயிரோடு திரும்பியது 8 பேர். கப்பலின் முதல் துணை அதிகாரி ஓவன் சேஸ் 1821 ஜூனில் ஊர் திரும்பி, அந்த வருடமே புத்தகத்தை வெளியிட்டார். நியூயார்க், டபிள்யூ. பி. கில்லி (பதிப்பாளர் பெயர்), 1821 என்று தலைப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, மறுபதிப்புகளிலும் பழைய தலைப்புப் பக்கத்தை அப்படியே போடுவதுண்டு. தாளைப் பாருங்கள். அந்தக் காலத் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது. துருப் புள்ளி விழும், ஆனால் மடித்தால் அப்பளமாக நொறுங்காது. மரக்கூழ்த் தாள் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. பக்கத்தின் பின்புறம் விரல் நுனியால் தடவினால் அச்செழுத்து அழுந்திய தடம் தட்டுப்படலாம். மர வெட்டுப் படங்கள் (மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை) இருந்தால் அது 1935இல் 275 பிரதி மட்டும் அச்சான பதிப்பாக இருக்கலாம். அதற்கும் நல்ல மதிப்பு உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் ரப்பர் போட்டு அழிக்கவும் வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில், மோபி டிக் என்ற திமிங்கில வேட்டை நாவலை எழுதிக்கொண்டிருந்த 1851இல் அவர் கைக்கு வந்த சேஸ் புத்தகம் பக்கங்கள் குறைந்த பிரதிதான். அவர் எழுதி வைத்த குறிப்புகளோடு இன்று ஹார்வர்டு நூலகத்தில் இருக்கிறது.

"பைண்ட் பண்ணாவிட்டால் கரையான் தின்றுவிடும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நான் வியாபாரி இல்லை, நிபுணனும் இல்லை. பைண்டர்கள் மேலும் எனக்குக் கோபம் கிடையாது, பள்ளிப் புத்தகத்துக்கு அவர்கள் வேலை அருமை. ஆனால் கரையானுக்கு மருந்து உலர்ந்த அலமாரி. வெட்டிப் போன ஓரத்துக்கு மருந்தே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். சேஸ் ஊர் திரும்பிய சில மாதத்தில் அவர் கதை அச்சேறியது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்த ஒருவரை ஒரு அலுவலகத்துக்கு நான் கூட்டிப்போனேன். அவர் முதல் ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "அதெல்லாம் வேண்டாம், படகு நம்பர் சொல்லுங்க" என்றார்கள். அவர் பிறகு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய மாலுமியின் சொல்லுக்கு ஏலக் கடையில் அடித்துக்கொள்கிறார்கள். நம் ஆள் சொன்னதை எழுத ஒரு வெள்ளைத்தாள் எடுக்க மனம் வரவில்லை. எனக்கு அது ஆறவே ஆறாது.

உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். செல்லோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், பாச்சை உருண்டையைப் பக்கங்களுக்கு நடுவே போடாதீர்கள். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். பழுது பார்த்தே ஆகவேண்டும் என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் யோசனை கேளுங்கள். வெளிநாட்டு ஆள் விலை பேசினால் உடனே பார்சல் கட்டாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இதற்குப் பொருந்துமா என்று தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போட்டால் எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.