பழைய டைனமோ: பத்து நிமிட ஓட்டம் போதுமா?

கேள்வி: என்னிடம் 1929 மாடல் ஏ ஃபோர்டு கார் இருக்கிறது. டைனமோவுக்குப் புது வைண்டிங் போட்டாயிற்று. பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, “10 ஆம்ப் வருது, போதும் சார்” என்கிறார்கள். 200 கி.மீ. பயணத்துக்கு நம்பி எடுத்துப் போகலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 10 ஆம்ப் வருகிறது என்பது டைனமோ வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி, தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அல்ல. 1912 காடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தபோது, அவ்வளவு சின்ன மோட்டார் இன்ஜினைச் சுற்றுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அது சில விநாடிதானே உழைக்க வேண்டும், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதுதான் அவர் கணக்கு. டைனமோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. மணிக்கணக்கில் ஓட வேண்டும்; அதைக் கொல்வதும் சூடுதான்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில், குளிர்ந்த நிலையில் மூன்றாவது கார்பனை (ஃபீல்டு காயிலுக்கு மின்சாரம் தரும் கரி பிரஷ்) தூக்கிவிட்டு, காந்தப்புலத்தை உண்டாக்கும் அந்த ஃபீல்டு காயிலுக்கு மட்டும் 6 வோல்ட் பேட்டரியைக் கொடுங்கள். வோல்டேஜை ஆம்பால் வகுத்தால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும். சாதா மல்டிமீட்டரை இதற்கு நம்பாதீர்கள், இவ்வளவு சின்ன ஓமை அது சரியாகக் காட்டாது. அப்புறம் கார்பனை இறக்கி, டைனமோவை வேறொரு மோட்டாரோடு பெல்ட் போட்டு ஓட்டுங்கள். பேட்டரியும் ஹெட்லைட் பல்புகளும் இணைப்பில் இருக்கட்டும். ஓடும்போது பேட்டரி வயர் கழன்றால் வோல்டேஜ் எகிறி ஃபீல்டு காயிலே கருகிவிடும். மூன்று கார்பன் டைனமோக்களின் சாபம் இது.

அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறுவதற்குள் மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஒரு டிகிரி சூட்டுக்குச் செம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 3 ஓம் இருந்தது 3.6 ஆனால், காயில் 50 டிகிரி சூடேறியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை ஓட்டம் தொடரட்டும். எத்தனை மணி நேரம் என்பதை அதுவே சொல்லும். வார்னிஷ் ஊறிய பருத்தி இன்சுலேஷனுக்கு 105 டிகிரிதான் எல்லை. வெளிக்காற்றின் சூடும் இதில் அடக்கம்; காயிலின் நடுப்பகுதி சராசரியைவிட இன்னும் சூடாக இருக்கும் என்பதால் 50 டிகிரி ஏற்றத்தோடு நின்றால் நல்லது. தாண்டினால் மூன்றாவது கார்பனை ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) சுற்றும் திசைக்கு எதிராகச் சற்றுத் தள்ளி, 7, 8 ஆம்புக்கு இறக்குங்கள். பகல் பயணத்துக்கு அது தாராளம்.

கடைசியில் கழற்றிப் பாருங்கள். கம்யூட்டேட்டர் (கார்பன்கள் உரசும் செம்புப் பட்டை உருளை) சாக்லேட் நிறத்தில் இருந்தால் நல்லது. கூட்டின் உள்பக்கம் ஈயத் துளிகள் தெறித்திருந்தால், ஆர்மேச்சர் வயர்களின் பற்றுவைப்பு உருகியிருக்கிறது. கம்யூட்டேட்டரில் ஓரிரு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால், அங்கே வயர் விட்டிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் வைண்டிங் போட்டவரிடமே திரும்பக் கொடுத்துவிடுங்கள்.