தலைக்கும் நீளத்துக்கும் என்ன உறவு?

கேள்வி: யோசிக்காமல் அவசரப்பட்டு ஒன்றில் பாய்வதை ஆங்கிலத்தில் ‘ஹெட்லாங்’ என்கிறார்கள். ‘ஹெட்’ என்றால் தலை, சரி. ‘லாங்’ எப்படி வந்தது?

பதில்: நீளத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. இடைக்கால ஆங்கிலத்தில் இது ‘ஹெட்லிங்’. அந்த ‘லிங்’ நம் ‘ஆக’ மாதிரி. பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அதை வினையடை ஆக்கும் விகுதி. தலை முன்னே போக என்று பொருள். அந்த விகுதி வழக்கொழியத் தொடங்கியதும், காதுக்குப் பழகிய ‘லாங்’ அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது நடந்தாயிற்று. ஓரக்கண் பார்வைக்குச் சொல்லும் ‘சைட்லாங்’கும் முன்பு ‘சைட்லிங்’தான்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘க்ரோவலிங்’. முகங்குப்புற என்ற பொருளில் அது வினையடையாகத்தான் இருந்தது. கடைசி ‘இங்’கை வினைச்சொல்லின் விகுதி என்று எண்ணி நறுக்கப்போய், ‘க்ரோவல்’ என்று புதிதாக ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது. காலில் விழுந்து கெஞ்சுவதற்கு இன்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம், பொருள். முதலில் ‘ஹெட்லாங்’கில் அவசரம் இல்லை, விழுவதுதான். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், நாசரேத் ஊரார் இயேசுவை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்க்கும் இடத்தில் ‘ஹெட்லாங்’ வருகிறது. லூக்கா 4:29. தமிழ் பைபிளில் அங்கே ‘தலைகீழாய்’ என்று இருக்கும். எவ்வளவு பொருத்தம்! தலை முந்திவிட்டால் உடம்பை யார் பிடித்து நிறுத்துவது? முன்பின் பாராமல் பாய்வது என்ற பொருள், தலை முந்தி விழுவது என்ற பொருளிலிருந்து கிளைத்ததுதான். அவசரத்துக்குச் சொல்லும் ‘ப்ரெசிபிட்டேட்’டுக்குள்ளும் லத்தீன் தலை ஒன்று ஒளிந்திருக்கிறது: ‘ப்ரே’ முன், ‘கபுட்’ தலை.

மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ‘கண்மூடித்தனமாக’ என்றே போட்டு நிரப்புவது எனக்கு உறுத்தும். ஒருவன் விழுந்தால் ‘தலைகுப்புற’ என்பேன். ஓடினால் ‘தலைதெறிக்க’. முடிவெடுத்தால் ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று’. இந்தக் கடைசியில் தலை காணாமல் போகிறது. ஆனால் கவிழ்வது அப்படியே இருக்கிறது. எனக்கு அது போதும்.