பெயின்ட் அடித்துவிட்டு விற்கலாமா?

கேள்வி: 1984 மாடல் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பானெட் வெளிறிவிட்டது, கதவுகளுக்குக் கீழே பெயின்ட் கொப்பளிக்கிறது. புதிதாக பெயின்ட் அடித்து விற்பதா, இப்படியே விற்பதா?

பதில்: அடிக்காதீர்கள். பழைய கார் வாங்குபவர் பளபளப்பைப் பார்த்தால்தான் சந்தேகப்படுவார். காந்தத்தோடு வருவார், பள்ளத்தையும் துருவையும் மறைக்கும் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது, பேரம் அங்கேயே சரியும்.

வெளிறலும் கொப்புளமும் வேறு வேறு. பானெட்டைத் துடைத்தால் துணியில் காரின் நிறமே ஒட்டுகிறதா? மேல்படலம்தான் வெயிலில் சுண்ணாம்பாகியிருக்கிறது. மெல்லிய ரப்பிங் காம்பவுண்டு (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுக் கையால் தேய்த்து, பிறகு மெழுகு பூசுங்கள். விளிம்புகளில் அழுத்த வேண்டாம், பெயின்ட் அங்கே மெலிசு, அடியிலுள்ள பிரைமர் பூச்சு தெரிந்துவிடும்.

கொப்புளம் என்றால் அடியில் துரு. பத்மினிக்கு அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டகம்) கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழுள்ள பகுதி அரித்திருந்தால் அழகுப் பிரச்சினை அல்ல. காரைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள். உள்ளே போனால் தகடு வெட்டி வெல்டிங் செய்யும் செலவை டிங்கரிடம் (பாடி தகடு வேலை செய்பவர்) எழுதி வாங்கி, விலையில் கழித்துச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது காரை நனைக்காதீர்கள்; ஈரம் குறையை மறைக்கும், நேரில் வந்தவர் எரிச்சலோடு திரும்புவார். கொப்புளத்தைக் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள்.

ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் பெயின்ட் பணத்தை அதைப் புதுப்பிக்கச் செலவிடுங்கள். விற்றதும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முக்கியம்.